கவுதாரி கூட்டத்துப் பெண்

காளியண்ணனைப் பற்றி ஊஞ்சக்காட்டில் யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். உயர்வாகச் சொல்லவும் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, ஒரிசாவிலும் சத்தீஸ்கரிலும் பதினோரு வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டார். முதுகு போனதும் திரும்பி வந்து ஒரு பழைய வேன் வாங்கினார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார். ஒன்பது நிறுத்தம், இருபத்திரண்டு பிள்ளைகள். யாருக்கும் அவர் கெடுதல் செய்ததில்லை. யாருக்காகவும் நடுவில் போய் நின்றதும் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்கு நாற்பத்தொன்பதாவது வயதில்தான் தெரிய வந்தது. அதற்கும் பெர்த்திலிருந்து ஒரு பதினாறு வயதுப் பெண் வர வேண்டியிருந்தது.

யாழினி அவருடைய தங்கை மகள். தங்கை சத்யபிரியா அந்த ஊரில் முதன்முதலாக இன்ஜினியரிங் படித்த பெண். கோயம்புத்தூரில் வேலைக்குப் போன இடத்தில் குமரன் என்பவரைப் பிடித்துப்போய், பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டாள். குமரனுக்குக் கெங்கவல்லிப் பக்கம். ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் காலனியில் பிறந்து வளர்ந்தவர். இது தெரிந்த அன்றிலிருந்து காளியண்ணனின் அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எழுந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊருக்குள் போய்ச் சொன்னார்.

"மாப்பிள்ளை நம்ம சனந்தானுங்க. மேக்க, காங்கயத்துக்கு அக்கட்ட. கவுதாரி கூட்டம். லீவு கெடைக்கலீன்னு கல்யாணத்த அங்கியே முடிச்சுட்டாங்க."

இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். கூட்டம் தெரியாத ஒருவரை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்றே இவர்களுக்குத் தெரியாது. கிழவர் யோசித்துத்தான் அந்தப் பெயரைச் சொன்னார். சுற்றுவட்டத்தில் முப்பது கல் தொலைவுக்குக் கவுதாரி கூட்டத்து வீடு ஒன்றுகூட இல்லை. சரிபார்க்க ஆளில்லாத இடமாகப் பார்த்து வைத்த பொய் அது. பதினேழு வருஷம் கெடாமல் கிடந்தது. கிழவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

டிசம்பர் தொடக்கத்தில் யாழினி வந்தாள். அங்கே அது கோடை விடுமுறை. சத்யபிரியாவுக்கு லீவு கிடைக்காததால், ஊருக்கு வந்த தெரிந்த குடும்பத்தோடு அனுப்பியிருந்தாள். முன்னதாகப் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, அவளுக்கு அவ வயசுல நாலு பேரப் பழக்கி உடு. கோயிலு கொளமெல்லாம் காட்ட வேண்டாம். இங்க அவளுக்குச் சொந்தம்னு ஒரு புள்ள கெடையாது. அதுக்குத்தான் அடம் புடிச்சு வர்றா."

"அதுக்கென்ன? என்ற வண்டியில இருபத்தி ரெண்டு இருக்குது."

"அதில்லண்ணா..." என்று இழுத்தாள் சத்யபிரியா. "பாத்துக்க."

எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வந்த மறுநாளே யாழினி பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தார் காளியண்ணன். உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

"சாமி, ஊரு எதுன்னு ஆராச்சும் கேட்டா அப்பாவுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம்னு சொல்லீரு."

"ஏன் மாமா? கெங்கவல்லிதானே?"

"கெங்கவல்லின்னா இங்க ஆருக்கும் தெரியாது."

நூறு கிலோமீட்டர்கூட இல்லாத ஊர். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற டீச்சரின் பார்வை மாதிரி இருந்தது.

காலையும் மாலையும் வேனின் முன்சீட்டில் அவளை உட்கார வைத்துக் கூட்டிப்போனார். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பொடியன் ஆரம்பித்தான்.

"அக்கா, அங்க ரோட்டுல கங்காரு வருமா?"

"வரும். லாரி அடிச்சுச் செத்துக் கிடக்கும்."

"இங்க நாயாட்டவா!"

வண்டியே சிரித்தது. அதன் பிறகு ஆறாவது நிறுத்தத்தில் ஏறும் ரஞ்சனி முன்சீட்டுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். கொஞ்சம் வாய்க்காரி.

"ஏனுங் மேடம், நீ பேசறது நியூஸ் வாசிக்கிறாப்பல இருக்குது."

"நீ பேசறது சண்டை போடற மாதிரி இருக்கு."

"சண்டதான் போடறேன். நாங்க பேசறதே அப்படித்தான்."

ஒரு வாரத்தில் இரண்டு பேரும் ஒரே காதணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ரஞ்சனிதான் அவளைக் கும்மிப் பயிற்சிக்கு அழைத்துப்போனாள். இப்போதெல்லாம் இந்தப் பக்கத்து ஊர்களில் மாலையானால் கோயில் மைதானத்தில் கும்மிதான். வட்டம் போட்டு நின்று, பாட்டுக்கும் மேளத்துக்கும் அடியெடுத்து வைத்துக் கைதட்டி ஆட வேண்டும். முப்பது நாள் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நிறப் புடவை கட்டி அரங்கேற்றம். பெண் பிள்ளைகள் தைரியமாக வெளியே வந்து நின்று சிரித்துப் பேசுகிற ஒரே இடம் அதுதான் என்பதால், யாழினிக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை என்று காளியண்ணனும் நினைத்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. அறுபது பெண்கள் அங்கே இருந்தார்கள். ஒரு வாரத்தில் அறுபது பேரும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பயிற்சி கொடுத்தவர் சபரிநாதன் என்று ஒருவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பிள்ளைகளை அதட்டாத குரல். பத்தாம் நாள் அவர் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். பெயர், வயது, தந்தை பெயர், கூட்டம், குலதெய்வக் கோயில், ஊர். அழைப்பிதழில் போடுவதற்கு.

யாழினி அதை அப்படியே கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினாள். "நாலாவது என்னன்னு எனக்குப் புரியலை."

அவர் மனைவி சாரதாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "நீங்களே எழுதிக் குடுங்க. அவளுக்கென்ன தெரியும்."

"எழுதாம உட்டா?"

"எழுதாம உட்டா ஏன் எழுதலீன்னு கேப்பாங்க."

காளியண்ணன் பேனாவை எடுத்தார். அப்பா வாயால் சொன்ன பொய்யை அவர் தன் கையெழுத்தில் எழுதினார். கவுதாரி கூட்டம். குலதெய்வத்துக்குக் காங்கயம் பக்கத்தில் கேள்விப்பட்ட ஒரு கோயில். ஊருக்கு, அதே கோயில் இருக்கும் ஊர். எழுதி முடித்ததும் கையெழுத்து நன்றாக இருப்பதாகக்கூட அவருக்குத் தோன்றியது.

விளைவுகள் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தன. ரஞ்சனியின் அம்மா வேன் வாசலில் நின்று சொன்னாள். "கவுதாரின்னா நமக்கு மாமன் மச்சான் மொறையாகுதுங்களே! எங்க பெரியவனுக்கு இன்னும் நாலு வருசம் போனா வயசு சரியா இருக்குமுங்க. ஆஸ்திரேலியாவுக்கு மருமவனாப் போறான்னா நானும் கூட வாரேன்!"

"வாங்க அத்தை, கங்காருவுக்கு மேய்ச்சல் காட்ட ஆள் வேணுமாம்" என்றாள் யாழினி. எல்லோரும் சிரித்தார்கள். காளியண்ணன் கியரைப் போட்டார். அது விழவில்லை. மறுபடி போட்டார்.

அன்று மாலை மூன்றாவது நிறுத்தத்து வீட்டிலிருந்து ஒரு தாம்பாளத்தில் பழம் வந்தது. அடுத்த நாள் இன்னொரு வீட்டிலிருந்து அரிசி முறுக்கு. அந்த வீடுகளிலும் பையன்கள் இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தெருவில் அவளைப் பார்க்கிற பார்வையில் ஒரு உரிமை வந்திருந்தது. பயிற்சி முடிந்து காளியண்ணன் அவளைக் கூட்டித் திரும்பும்போது இரண்டு பைக்குகள் கொஞ்சம் தள்ளி, அதே வேகத்தில், வீட்டுச் சந்து வரை வந்து திரும்பின. "துணைக்குத்தான் வாரோம் மாமா" என்றான் ஒருவன். பணிவாகத்தான் சொன்னான்.

கிறிஸ்துமஸ் லீவில் அழைப்பிதழ் வந்தது. அறுபது பேரின் புகைப்படம், பெயர், கூட்டம். அச்சில் வருவதற்கு முன்பே போனில் சுற்றியது. ஈரோடு, காங்கயம், தாராபுரம் வரை போயிருக்க வேண்டும். ஏனென்றால் ஜனவரி இரண்டாம் தேதி, காலை பதினோரு மணிக்கு, ஒரு வெள்ளைக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். பெரியவர் செல்லமுத்து. எழுபதை ஒட்டிய வயது, காதில் பழைய கடுக்கன். கூட வந்தவர் நடுவயது. கடைசிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க கவுதாரி கூட்டமுங்க. காங்கயத்துலருந்து வாரோம். நம்ம புள்ள ஒண்ணு வெளிநாட்டுலருந்து வந்து கும்மி ஆடுதுன்னு பாத்தோம். பெருமையா இருந்துச்சு. பங்காளிங்க ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமேன்னு..."

காபி வந்தது. யாழினி வந்து வணக்கம் சொன்னாள்.

"உக்காரு சாமி. அப்பா பேரென்ன?"

"குமரன்."

"அப்பாவோட அப்பா?"

காளியண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "காத்தவராயன்."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காத்தவராயன்... அந்தப் பேரு எங்க பக்கம் வெக்க மாட்டாங்களே."

"வேண்டுதலுங்க" என்றாள் சாரதாமணி, சட்டென்று. "குழந்தை தங்காம, வேண்டிக்கிட்டு வெச்ச பேராமுங்க."

"அப்படிங்களா." செல்லமுத்து புன்னகைத்தார். உண்மையிலேயே அன்பான புன்னகை. "எங்க கூட்டத்துல எல்லாருத்தோட பேரையும் எழுதி வெச்சிருக்கறோமுங்க, நாலு தலமுறைக்கு. போயிப் பாக்கறேன். உட்டுப் போயிருந்தாச் சேத்தரலாம். அரங்கேத்தத்துக்கு வாரோம் சாமி. நல்லா ஆடோணும்."

கார் போன பிறகு யாழினி கேட்டாள். "அத்தை, வேண்டுதல்னு எனக்குத் தெரியாதே. அப்பா சொன்னதே இல்லை."

சாரதாமணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். தாத்தா பெயரைச் சொன்னதற்காக அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள முடியாது. கோபித்துக்கொள்ள முடியாததாலேயே வீட்டில் யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் காளியண்ணன் தங்கைக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள். "கூட்டத்த ஏன் எழுதுன?"

"அப்பா சொன்னதத்தானே எழுதுனேன் சத்யா."

"அப்பா சொன்னது ஊருக்கு. நீ எழுதுனது அவளுக்கு."

அவருக்கு அது முழுதாக விளங்கவில்லை. விளங்கிய அளவு போதுமானதாக இருந்தது. "கெளப்பி அனுப்பீரட்டுமா?"

"எங்க அனுப்புவ? நான் வர்றதுக்கே நாலஞ்சு நாளாகும். டிக்கெட் பாக்கறேன். அதுவரைக்கும் உட்டுராதண்ணா."

அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலைதான் சாரதாமணி இன்னொன்றைக் கேட்டு வந்து சொன்னாள். கும்மி முடிந்ததும் ஆடிய பெண்கள் எல்லோரும் கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டுமாம். பெற்றவர்கள் பார்த்து வைக்கிற இடத்தில்தான் கல்யாணம் செய்துகொள்வோம், நம் சனத்தை விட்டு வெளியே போக மாட்டோம் என்று. போன வருஷமும் அப்படித்தானாம். யாருக்கும் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தேசிய கீதம் மாதிரி, முடியும்போது சொல்வது.

"ஏனுங்க, வகுத்து வலின்னு சொல்லி ஊட்டுலயே வெச்சுக்கலாமுங்களா?"

"அவ கேக்க மாட்டா."

"அப்படீன்னா உள்ளதச் சொல்லிப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, பச்சைப் புடவை கட்டி, பூ வைத்து யாழினி வேனில் ஏறினாள். மைதானம் வரை பத்து நிமிஷம். பாதியில், ஒரு கோழிப்பண்ணையை ஒட்டி, காளியண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூட்டம் என்றால் என்ன, அப்பா சொன்ன பொய் எது, தான் எழுதியது எது, வந்த பெரியவர் யார், இன்று என்ன சத்தியம் என்று வரிசையாக. குமரனின் சாதியைச் சொல்லும் இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. சுற்றிலும் கோழிகளைத் தவிர யாரும் இல்லை.

"அது எனக்குத் தெரியும் மாமா" என்றாள் அவள்.

"எது?"

"அப்பாவோட சாதி. பதிமூணு வயசுல அப்பாவே சொல்லிட்டார். இங்க வர்றதுக்கு முன்னாடி, கேட்டா சொல்லு, கேக்கலைன்னா சும்மா இருன்னார். நீங்க கோயமுத்தூர்னு சொல்லச் சொன்னப்ப, பயப்படறீங்கன்னு நினைச்சேன். அப்பாவையே வேற ஆளா மாத்திட்டீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவர் இன்ஜினை அணைத்தார்.

"எங்க அப்பா இந்த ஊருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லையா?"

"இல்ல சாமி."

"அம்மா?"

"தாத்தா சாவுக்கு வந்துட்டு அன்னிக்கே போயிட்டா."

அவள் பூவைச் சரிசெய்துகொண்டாள். "போலாம். ரஞ்சனி காத்திட்டிருப்பா."

"வேண்டாம் சாமி. திரும்பிப் போயிரலாம்."

"இத்தனை நாள் பழகியிருக்கேன் மாமா. ஆடணும். கையத் தூக்க மாட்டேன், அவ்வளவுதான்."

அவள் அதைத் தைரியமாகச் சொன்னாளா, அதன் கனம் தெரியாமல் சொன்னாளா என்று அவரால் நிதானிக்க முடியவில்லை. வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஸ்டியரிங் அவர் கையில்தான் இருந்தது. அவர் நேராக ஓட்டினார்.

மைதானத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் செல்லமுத்து. காளியண்ணனைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பந்தலுக்குப் பின்னால் யாழினி ரஞ்சனியின் காதருகே ஏதோ சொல்வதைக் காளியண்ணன் தூரத்திலிருந்து பார்த்தார். ரஞ்சனியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஆள் உள்ளே போய்விட்ட மாதிரி, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நேரம் ஆடினார்கள். அறுபது பேரில் யாழினி மோசமில்லை, அதற்கு மேல் சொல்வது மிகையாகும். மேளம் நின்றது. சபரிநாதன் ஒலிபெருக்கியை வாங்கினார். "எல்லாரும் வலது கைய ஒசத்துங்க சாமி."

கைகள் உயர்ந்தன. வட்டத்தில் ஒரு இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி தெரிந்தது. மேலே டிரோன் ஒன்று இரைந்துகொண்டு வட்டம் அடித்தது. ஒலிபெருக்கி முதல் வரியைச் சொல்ல, ஐம்பத்தொன்பது குரல்கள் திருப்பிச் சொன்னன. அப்போது ரஞ்சனி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, இடது கையால் யாழினியின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். பாசத்தில் தூக்கினாளா, பயத்தில் தூக்கினாளா தெரியாது. அந்த வயதில் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். யாழினி ஒரு கணம் கையை அவள் பிடியிலேயே விட்டாள். பிறகு மெதுவாக, யாருக்கும் வலிக்காமல், கையை உருவிக்கொண்டாள்.

யாரும் கத்தவில்லை. சத்தியம் முடிந்தது, சாப்பாடு தொடங்கியது. சாம்பார் வாளியோடு போனவர்கள் காளியண்ணன் இலையைத் தாண்டிப் போகவில்லை. நின்று, ஊற்றி, முகம் பார்க்காமல் நகர்ந்தார்கள். கை கழுவும் இடத்தில் செல்லமுத்து பக்கத்தில் வந்து நின்றார்.

"பேரேட்டப் பாத்தோமுங்க. அப்படி ஒரு குடும்பம் எங்க கூட்டத்துல இல்லீங்க. வந்த புதுசுல பக்கத்து ஊட்டுல புள்ள கெங்கவல்லின்னு சொல்லியிருக்குது, அங்கயும் ஆளு உட்டுக் கேட்டோம்."

"மன்னிச்சுக்கோணுமுங்க."

"நாங்க சண்டக்காரங்க இல்ல. ஆனா அடுத்தவன் வாசப்படியக் காட்டி என்ற வாசப்படின்னு சொல்லலாமுங்களா? நீங்களே சொல்லுங்க." அவர் துண்டால் கையைத் துடைத்தார். "புள்ள எப்பக் கெளம்புது?"

"மாசக் கடைசியிலீங்க."

"அவ்வளவு நாள் எதுக்குங்க?" என்றார் செல்லமுத்து. குரல் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. ஏழரை மணிக்கு யாழினி வழக்கம்போல முன்சீட்டில் ஏறினாள். சாரதாமணி அவளுடைய பெட்டியைத் தூக்கி வந்து பின்சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

"இதெதுக்கு?" என்றார் காளியண்ணன்.

"இருக்கட்டும்."

முதல் நிறுத்தத்தில் யாரும் இல்லை. இரண்டு நிமிஷம் நின்று ஹாரன் அடித்தார். இரண்டாவதில் கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி ஓடியது. மூன்றாவதில், பழம் கொடுத்தனுப்பிய வீட்டம்மா வாசலுக்கு வந்து, "காச்சலுங்க, ரெண்டு பேருத்துக்கும்" என்றாள். உள்ளேயிருந்து இரண்டு பேரும் சீருடையில் எட்டிப் பார்த்தார்கள். நான்கு, ஐந்து, யாரும் இல்லை. ஆறாவதில் ரஞ்சனி புத்தகப் பையோடு நின்றாள். வேன் நின்றதும் அவள் அப்பா பைக்கைக் கிளப்பினார். அவள் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். போகும்போது ஒரு முறை திரும்பினாள். திரும்பியதற்கு அவள் அப்பா ஏதோ சொன்னார்.

மீதி மூன்று நிறுத்தத்துக்கும் காளியண்ணன் போனார். எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூட வாசலில் காலி வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு சீட்டின் சத்தமில்லாமை முதுகில் அழுத்தியது.

"மாமா, நான் அப்பா ஊருக்குப் போறேன்" என்றாள் யாழினி. "அங்க எனக்கு அண்ணன் அக்காவெல்லாம் இருக்காங்க. போன்ல மட்டும்தான் பாத்திருக்கேன்."

இந்த ஒரு மாதமாக அவளுக்கு யாரைப் பழக்கிவிடுவது என்று அவர் வீடு வீடாக யோசித்திருக்கிறார். அந்தப் பெயர்கள் ஒரு முறைகூட அவர் நினைவில் வரவில்லை.

சேலம் சாலையில் ஏறினார். ஒரு வெள்ளைக் கார் பின்னால் வந்தது. சேலம் சாலையில் வெள்ளைக் கார்களுக்குக் குறைவில்லை. அவர் வேகத்தைக் குறைத்தபோது அதுவும் குறைத்தது. சேலத்தைத் தாண்டி அயோத்தியாப்பட்டணம் வரை கண்ணாடியில் தெரிந்தது. அங்கே டீ குடிக்க நிறுத்தினார். கார் கடந்து போய்விட்டது. டீயை அவர் பாதியில் வைத்துவிட்டார்.

ஆத்தூர் நெருங்கும்போது யாழினி போன் செய்து ஒலியைப் பெரிதாக வைத்தாள். மறுமுனையில் குமரனின் தம்பி.

"யாழினியா! எங்கம்மா இருக்க? வந்துடு, வந்துடு. உன் அக்கா காலேஜுக்குப் போவாம உக்காந்துகினு இருக்கா. யாரும்மா இட்டுகினு வராங்க?"

"மாமா. அம்மாவோட அண்ணன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு வந்த குரல் வேறாக இருந்தது.

"எத்தினி பேரு வராங்க?"

"மாமா மட்டும்தான் சித்தப்பா."

"வேனுல வேற யாருமில்லையே? நல்லா பாத்துச் சொல்லும்மா."

அவள் திரும்பிக் காலி சீட்டுகளைப் பார்த்தாள். "யாருமில்லை."

"சரி. வண்டி தெருவுக்குள்ள வர வேணாம். கெங்கவல்லி பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்லு. எங்க பசங்க வந்து கூட்டிக்குவாங்க. அவரு எறங்க வேணாம்."

காளியண்ணன் சாலையைப் பார்த்து ஓட்டினார். சத்தீஸ்கரில் இரவுக் காவல்காரன் முகத்தில் டார்ச் அடித்தபோதுகூட அவரை யாரும் இப்படி விசாரித்ததில்லை. தான் யாருக்காவது பயமாக இருக்க முடியும் என்று அவர் எண்ணியதே கிடையாது. தன்னைப் பயந்தவனாகத்தான் அவருக்குத் தெரியும்.

கெங்கவல்லி பேருந்து நிலையத்தில் வேனை நிறுத்தினார். எதிர்ப்பக்கம், கடை நிழலில், நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண், மூன்று பையன்கள். எல்லோருக்கும் இருபதுக்கு உட்பட்ட வயது. ரோட்டைக் கடந்து வரவில்லை. யாழினி இறங்கி இரண்டடி வைத்ததும் அந்தப் பெண் மட்டும் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "சௌந்தர்யா அக்கா!" என்று யாழினி சொல்வது கேட்டது. யாழினியின் நெற்றி அவள் அப்பா குமரனின் நெற்றி என்று காளியண்ணனுக்குப் பட்டது. குமரனை அவர் புகைப்படத்தில் பார்த்திருக்கிறார், ஒரே ஒரு முறை.

பெட்டியை அவர்தான் இறக்க வேண்டியிருந்தது. இறங்கினார். பையன்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார், ஏன் என்று தெரியாமலே. மூத்தவன் வந்து பெட்டியை எடுத்தான்.

"மாமா, இது கௌதமன் அண்ணா" என்றாள் யாழினி.

கௌதமன் தலையை அசைத்தான். சிரிக்கவில்லை. "நீங்க கெளம்புங்க. நாங்க பாத்துக்கறோம்."

"சாயந்தரம் போன் பண்ணு சாமி."

"பண்றேன் மாமா" என்றாள். கௌதமனுக்கும் சௌந்தர்யாவுக்கும் நடுவில் நடந்து போனாள். பச்சைப் புடவை இல்லை, சாதாரணச் சுடிதார்தான். அந்தக் கூட்டத்தில் அவளைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியாக நின்றிருந்த பையன் போகவில்லை. வேனுக்குப் பின்னால் வந்து, போனை எடுத்து, நம்பர் பலகைக்கு நேராகப் பிடித்தான். பலகையில் பாதியை மறைத்துக்கொண்டு காளியண்ணன்தான் நின்றிருந்தார். பையன் அவரை நகரச் சொல்லவில்லை. காத்திருந்தான். எண் முழுதாகத் தெரியட்டும் என்று காளியண்ணன் ஒதுங்கி நின்றார்.